போ என்று சொல்லும் பயிற்சி

ஹிமானி பாக்சி தன் நாயை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று முதலில் செத்தது நாயின் பெயர். நாய் அதற்கப்புறம்தான்.

பெயர் என்றால் பிரமாதமான பெயர் ஒன்றுமில்லை. பொடோல். கோவைக்காய்க்கு அண்ணன் முறையாகிற ஒரு காய், மேலெல்லாம் வரி வரியாக இருக்கும். கல்கத்தாக்காரர்கள் அதைப் பொரிப்பார்கள், குழம்பு வைப்பார்கள், வயிற்றைக் கீறி மீனை வைத்து அடைப்பார்கள். டாக்குரியா ரயில் பாலத்தடியில் மழையில் நனைந்து கிடந்த குட்டிக்கும் அதே மாதிரி வரிகள் இருந்தன. பார்த்தவுடன் ஹிமானியின் வாயில் வந்தது அந்தப் பெயர்தான், அதுவே ஒட்டிக்கொண்டது. ஹிமானி பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை. வீட்டில் அவளும் பொடோலும்தான். அவள் வரைபடத்தை விரித்துத் திருத்திக்கொண்டிருந்தால் அவன் அதன் மேல் ஏறி ஆப்பிரிக்காவை மறைத்துப் படுத்துக்கொள்வான். கூப்பிட்டால் மட்டும் வரமாட்டான். ஜன்மத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டு வந்தவனில்லை. தனக்குத் தோன்றும்போது வருவான். வந்துவிட்டால் காலை விட்டு நகரமாட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் சாப்பாட்டை நிறுத்தினான். நாலாம் நாள் ரூயி மீன் தலையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹிமானி அவன் தலையில் ஒரு குரங்குக் குல்லாவை மாட்டி, கழுத்தில் மப்ளரைச் சுற்றி, டாக்சி பிடித்து ஆத்மீயாவுக்கு வந்துவிட்டாள்.

ஆத்மீயா என்றால் அந்த ஊர்ப் பேச்சில் சொந்தக்காரர். தென் கல்கத்தாவிலேயே பேர்பெற்ற பிராணி மருத்துவமனை. ஆனால் பிராணி என்று அங்கே சொல்லிவிடக் கூடாது. நாய், பூனை என்ற சொற்களுக்கும் தடை. எஜமானர் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் வாசல் காவலாளிகூடத் திருத்துவான். உள்ளே நடந்து வருகிறவர்கள் எல்லாம் அம்மா, அப்பா. தூக்கி வரப்படுவதெல்லாம் பிள்ளை. ஆமை கொண்டுவந்திருந்த ஒரு வக்கீல், "ஆமையின் அப்பா" என்று மைக்கில் அழைக்கப்பட்டுக் கூச்சத்தோடு எழுந்து போனதை ஹிமானி கண்ணால் பார்த்தாள்.

பதிவு மேஜையில் ஒரு பெண் கணினி முன் இருந்தாள். நோயாளியின் பெயரைக் கேட்டாள். ஹிமானி சொன்னாள். அந்தப் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அது வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கும், நல்ல பெயர் என்ன என்றாள். அந்த ஊரில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பெயர் உண்டு. வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. இவன் பரீட்சை எழுதப் போகிறவனில்லை, ஒன்றே போதும் என்றாள் ஹிமானி.

"அதில்ல தீதி," என்று அக்கா முறை வைத்து அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "மைக்கில 'பொடோல், நாலாம் நம்பர் அறை'ன்னு கூப்பிட்டா, உட்கார்ந்திருக்கிற மத்த அம்மாங்களுக்கு மனசு என்ன ஆகும்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம்மூரில் மண்டையைப் போட்டுவிட்டான் என்கிற இடத்தில் அவர்கள் பொடோல் பறித்துவிட்டான் என்பார்கள். ஆஸ்பத்திரியில் போய் அந்தச் சொல்லை மைக்கில் முழங்குவது சரியில்லைதான். மருத்துவமனையே முன்யோசனையாக நல்ல பெயர்கள் சில வைத்திருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த நிமிஷம் முதல் பொடோல், பிரசாந்தகுமார் பாக்சி ஆனான். குல்லாவுக்குள்ளிருந்து அவன் ஹிமானியைப் பார்த்தான். யாரைச் சொல்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் இருபக்கமும் நாற்காலிகள், நடுவே ஒரு வழி, அது உள்ளே தாழ்வாரத்தில் போய்ச் சேர்ந்தது. வாசலைத் தாண்டி வந்த எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நடுங்கின. வீட்டில் சிங்கம்போல இருக்கிறவன் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்த பெரிய அல்சேஷன் அவர் நாற்காலிக்கு அடியில் புக முயன்றுகொண்டிருந்தது. சுவரில் தலைமை மருத்துவர் லாஹிரியின் படம் தொங்கியது. அதன் கீழே, "இங்கே பயத்துக்கு இடமில்லை". மருந்து வாசனைக்கு மேல் சந்தன வாசனை தெளித்திருந்தார்கள். ஹிமானிக்கு ஏனென்று தெரியாமல் குளிரெடுத்தது, பொடோலின் மப்ளர் நுனியைத் தானும் கொஞ்சம் சுற்றிக்கொண்டாள்.

"பிரசாந்தகுமாரின் அம்மா, உணர்வுப் பிரிவுக்கு வரவும்" என்றது மைக். எதிரே பழைய மாணவி ஒருத்தியின் தாயார் முயலோடு உட்கார்ந்திருந்தாள். அவள் ஹிமானியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வகிட்டைப் பார்த்தாள், வகிட்டில் குங்குமம் இல்லாததைப் பார்த்துவிட்டு முயலின் காதில் எதையோ சொன்னாள்.

உணர்வுப் பிரிவு என்பது டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் கடக்கவேண்டிய வாசல். அங்கே துக்க நிர்வாக அதிகாரி சுதேஷ்ணா தலாபாத்ர இருந்தார். பட்டுப்புடவை, தேன் குடித்த குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தலைச்சாய்ப்பு. வருகிறவர்களின் துக்கத்தை வகை பிரித்து மணிக்கட்டில் பட்டை கட்டுவது அவர் வேலை. வெறும் கவலைக்கு மஞ்சள், துக்கத்துக்கு நீலம், குற்ற உணர்வுக்குச் சிவப்பு. நாலு நாளாகச் சாப்பிடவில்லை, முன்னமே கூட்டி வந்திருக்கவேண்டும் என்று ஹிமானி சொன்னதுதான் தாமதம், சிவப்புப் பட்டை மாட்டப்பட்டது. குற்ற உணர்வு சமநிலைக்கு வராமல் டாக்டரிடம் அனுப்ப விதியில்லை என்றார் சுதேஷ்ணா. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். ஹிமானி ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பொடோலின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பர்ணாலி இளம்பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் பொடோலின் குல்லாவை மெதுவாகக் கழற்றி, காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்த விதத்தில் ஹிமானிக்கு அவள் மேல் நம்பிக்கை வந்தது. சோதித்துவிட்டு அவள் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இனிமேல் இருக்கிற சில நாளும் வலிதான். "வலியில்லாம ஊசி போட்டுத் தூங்க..." என்று ஆரம்பித்தாள். பின்னால் நின்ற சுதேஷ்ணா இருமினார்.

"உயர்வுப் பயணம்," என்று திருத்திக்கொண்டாள் பர்ணாலி.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டாள் ஹிமானி. பூகோள டீச்சர் வாயில் வேறென்ன வரும். கேட்டபிறகுதான் அர்த்தம் புரிந்தது. புரிந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டாள். பொடோல் வந்து அவள் செருப்பின் மேல் தலையை வைத்தான்.

அவள் அழவில்லை. வெகுநேரம் அவன் வரிகளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. குட்டியாக இருந்தபோது வேறொரு டாக்டரிடம் தடுப்பூசிக்குக் கொண்டுபோய், அவனை மேஜைமேல் விட்டுவிட்டு இவள் வெளியே மருந்து வாங்கப் போய், திரும்பி வருவதற்குள் அவன் கத்திய கத்தல் இன்னும் இவள் காதில் இருந்தது. அன்று அவன் காதில் சொல்லி வைத்திருந்தாள், இனிமேல் உன்னை இந்த மாதிரி இடத்தில் தனியாக விடமாட்டேன் என்று.

"கடைசி மூச்சு வரைக்கும் என் கை அவன் மேல இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள்.

"அதுக்குத்தானேம்மா நாங்க இருக்கோம்," என்றார் சுதேஷ்ணா, தலையைச் சாய்த்து.

பயண அறை என்று ஒன்று தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. ஊதா விளக்கு, எங்கிருந்தோ புல்லாங்குழல். துலால் என்கிற வார்டு ஆள் பொடோலை மேஜையில் கிடத்தினான். ஐம்பது வயசு, பேசாத ஆள், கிடத்தும்போது மட்டும் "பயப்படாதேடா" என்று முணுமுணுத்தான். டாக்டர் முதல் ஊசியைப் போட்டாள். அது மயக்கத்துக்கு. இரண்டாவதுதான் பயணத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் ஆத்மீயாவின் பெருமைக்குரிய சடங்கு ஒன்று இருந்தது. வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றிலிருந்து தலைமை மருத்துவரே நேரில் கற்றுவந்தது. பெற்றவர், பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தெளிவான குரலில், "போ" என்று மூன்று முறை சொல்லவேண்டும். விடை கொடுத்தால்தான் ஆத்மாவின் கட்டு அறும், அறையும் அடுத்தவருக்குக் காலியாகும் என்று சுதேஷ்ணா விளக்கினார்.

இங்கேதான் கோளாறு. அந்த ஊரில் கிளம்புகிற யாரிடமும் போ என்று சொல்கிற வழக்கம் கிடையாது. நாம் போயிட்டு வா என்போம். நம் வாயில் பாதி போவாவது இருக்கிறது. அவர்கள் அதையும் வைக்கவில்லை. வாசல்படி தாண்டுகிறவனிடம் "எஷோ" என்பார்கள். வா என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆபீசுக்குப் போகிற புருஷனுக்கும் எஷோ, பரீட்சைக்குப் போகிற மகளுக்கும் எஷோ, கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அழுதுகொண்டே எஷோ. போ என்றால் அது துரத்துவது. தலைமை மருத்துவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனாலும் வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகத்தில் போ என்றிருந்ததே.

ஹிமானி குனிந்தாள். அவன் கண் பாதி மூடியிருந்தது. காதோடு வாயை வைத்து, அம்மா அவளுக்குச் சொன்ன மாதிரி, அவள் பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சொல்கிற மாதிரி, சொன்னாள்.

"எஷோ, பொடோல்."

புல்லாங்குழல் நின்றது. சுதேஷ்ணாதான் நிறுத்தினார். ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு, பெயர் தவறு, சொல் தவறு என்றார். வா என்று சொல்லி அனுப்பினால் பிள்ளை குழம்பிப் போகாதா? கோபிக்கவில்லை அவர், பாவம். பலரும் இப்படித்தான் தடுமாறுகிறார்கள், அதற்காகத்தான் பக்கத்திலேயே பயிற்சி அறை வைத்திருக்கிறோம், ஐந்தே நிமிஷம் என்றார். அவனை விட்டு வரமாட்டேன் என்றாள் ஹிமானி. முறையாக விடை கொடுக்காமல் டாக்டர் இரண்டாவது ஊசியைத் தொடமாட்டார், பிள்ளை இரண்டும்கெட்டானாக நடுவில் கிடந்து தவிக்கும், அது உங்களுக்குச் சம்மதமா என்றார் சுதேஷ்ணா. ஹிமானி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தரையைப் பார்த்தாள். "அசையாம இருடா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஹிமானி ஓடினாள்.

பயிற்சி அறையில் மேஜைமேல் ஒரு துணி நாய் இருந்தது. சிவப்பு சாட்டின் துணியில் நாக்கு தைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ஹிமானி போ சொல்லவேண்டும். வாயைத் திறந்தால் எஷோ வந்தது. மறுபடி திறந்தாள், மறுபடி எஷோ. உதட்டைக் குவியுங்கள், வயிற்றிலிருந்து சொல்லுங்கள் என்று சுதேஷ்ணா சங்கீதம் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொல்லிக்கொடுத்தார். ஹிமானியின் காதெல்லாம் பக்கத்து அறையில் இருந்தது. நேரம் போகப் போக அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வகுப்பில் சேட்டை செய்கிறவளை வெளியே அனுப்புகிற குரலில், துணி நாயின் முகத்துக்கு நேரே கத்தினாள்: போ, போ, போ.

சுதேஷ்ணா கைதட்டினார். முழு மதிப்பெண் என்றார். ஹிமானி அதைக் கேட்க நிற்கவில்லை. பயண அறைக் கதவைத் திறந்தபோது துலால் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டிருந்தான். டாக்டர் சுவரைப் பார்த்தபடி கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

நடந்தது இதுதான். பயிற்சி அறையில் யாராவது சரியாகப் போ சொன்னால் பயண அறையில் ஒரு பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் டாக்டர் தாமதிக்காமல் இரண்டாவது ஊசியைப் போடவேண்டும். ஒத்திகை எது, நிஜம் எது என்று விளக்குக்குத் தெரியாது. இது ஒரு குறையில்லையா என்று ஹிமானி கேட்டாள். கேட்டது அவள் குரல் மாதிரியே இல்லை. குறையில்லை, சிக்கனம் என்றார் சுதேஷ்ணா. முன்பெல்லாம் பெற்றவர்கள் ஒத்திகையில் ஒரு தடவையும் நேரில் ஒரு தடவையுமாக இரண்டு முறை வேதனைப்பட்டார்கள். இப்போது ஒரே முறை. ஹிமானி துண்டின் மேல் கையை வைத்தாள். சூடு இன்னும் இருந்தது. கை வைத்திருக்கவேண்டிய நேரம் மட்டும் போய்விட்டிருந்தது.

தேநீர் கொடுத்தார்கள். பாதத்தின் அச்சைச் சட்டமிட்டுக் கொடுத்தார்கள். வெறும் சங்கிலியோடு போகிறவர்களைக் காத்திருப்பவர்கள் பார்க்கக் கூடாது என்று பின்பக்கமாக ஒரு வாசல் இருந்தது. அதன் வழியாக அவளை அனுப்பினார்கள்.

வீடு அமைதியாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. மாடி வீட்டு அம்மாள் ஆறுதல் சொன்னாள்: கொஞ்ச நாளைக்கு நகச் சத்தம் கேக்கும், தண்ணி குடிக்கிற சத்தம் கேக்கும், எங்க மினி போனப்போ எனக்குக் கேட்டுது, பயப்படாதே. ஹிமானிக்குப் பயமே இல்லை, ஏக்கம்தான். விளக்கை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்தாள். சாப்பிடும்போது பாதியில் நிறுத்திக் கேட்டாள். வரைபடத்தை விரித்து ஆப்பிரிக்காவைக் காலியாக விட்டு வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. எல்லார் வீட்டுக்கும் வருகிறது, என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை, நான் விட்டுவிட்டுப் போனதில் அவனுக்குக் கோபம் என்று நினைத்தாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

ஒரு வாரம் கழித்து ஆத்மீயாவிலிருந்து போன். சுதேஷ்ணாவின் குரலில் தேன் கொஞ்சம் குறைந்திருந்தது. "பிரசாந்தகுமார் சம்பந்தமா ஒரு சின்ன ஒழுங்குப் பிரச்சினை. நீங்க நேர்ல வரணும்," என்றார்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஹிமானி கைப்பையோடு நேரே போனாள். மாடியில் தலைமை மருத்துவர் லாஹிரியின் அறையில் அவளை உட்காரவைத்து, சந்தேஷ் இனிப்பும் தண்ணீரும் வைத்தார்கள். லாஹிரி தும்பைப்பூ மாதிரி வேட்டி கட்டி, மேலே சால்வை போர்த்தியிருந்தார். எழுந்து நின்றுதான் பேசினார். எதிரே ஒருவர் இருந்தாலும் அவருக்கு அது கூட்டம்தான்.

"அம்மா, ஆத்மீயாவுல கண்ணீருக்குப் பெரிய மதிப்பு கொடுக்கிறோம். அதனாலதான் ஊழியர்கள் அழக் கூடாதுன்னு வெச்சிருக்கோம். எல்லாரும் அழுதா அப்புறம் அதுக்கு என்ன மதிப்பு? அவசியம்னா அனுமதி வாங்கிட்டு அழுகை அறையில போய் அழலாம். ஒரு நேரத்துல ஒருத்தர். இப்போ பாருங்க, போன வாரத்துலேருந்து தினம் ஒன்பது பேர் அனுமதி கேக்கிறாங்க. டாக்டர் பர்ணாலி பயண அறைக்குள்ள காலே வைக்க மாட்டேங்கிறா. ஏன்? உங்க பிரசாந்தகுமார் அங்க நடமாடறான்."

ஹிமானி எடுத்த சந்தேஷைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"இத்தனை வருஷத்துல நாங்க அனுப்பி வெச்ச ஒருத்தர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்ல," என்று லாஹிரி தொடர்ந்தார். "அந்த நல்ல பேரை உங்க நாய்... மன்னிக்கணும், உங்க பிள்ளை ஒரே வாரத்துல கெடுத்துட்டான். செத்தவங்க வரவே கூடாதுன்னு நாங்க சொல்லல. பார்வை நேரம்னு ஒண்ணு இருக்கில்ல?"

விசாரித்ததில் குற்றம் ஹிமானியுடையது என்று நிரூபணமாகிவிட்டது. அவனிடம் அவள் நேரில் சொன்ன சொல் எஷோ. போ சொன்னது துணி நாயிடம். வா என்றதை நம்பி அவன் வந்திருக்கிறான். ஆகவே இன்றைக்கு அதே அறையில், அதிகாரிகள் முன்னிலையில், போ என்று மூன்று முறை அவனிடமே சொல்லிவிடவேண்டும். ஒத்திகை தேவையில்லை, ஏற்கெனவே முழு மதிப்பெண் வாங்கியவர் என்று சுதேஷ்ணா சிபாரிசு செய்தார்.

ஹிமானி இதில் பாதியைத்தான் கேட்டாள். அவளுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்மத்தில் கூப்பிட்டு வராதவன் வந்திருக்கிறான். இவள் அங்கே வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்க, அவன் இங்கே வந்திருக்கிறான்.

பயண அறைக்கு எல்லோரும் இறங்கினார்கள். தாழ்வாரத்தில் துலால் நின்றிருந்தான். டாக்டர் பர்ணாலியையும் வரவழைத்திருந்தார்கள். ஊதா விளக்கு, புல்லாங்குழல். லாஹிரி கையைத் தூக்கியதும் புல்லாங்குழல் நின்றது, எல்லோரும் மூச்சை அடக்கினார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம், தரையில், டிக் டிக் என்று நகச் சத்தம். ஒவ்வொரு நாலாவது அடிக்கும் ஒரு இழுவை. வலது பின்காலின் நகத்தை வெட்டவே விடமாட்டான் அவன். சுதேஷ்ணா புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டார். லாஹிரி சால்வையை. ஹிமானிக்கு மட்டும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தம் அவள் பக்கமாக வந்து, நடுவழியில் தயங்கி நின்றது.

"சொல்லுங்கம்மா," என்றார் சுதேஷ்ணா, பல் கிட்டிக்க. "உதட்டைக் குவிச்சு."

ஹிமானி வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் இவனுக்கு நிம்மதி என்கிறார்கள். சொல்லாவிட்டால் இந்தச் சத்தமாவது உலகத்தில் ஒரு இடத்தில் இருக்கும். தினமும் பள்ளி விட்டு வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். எது அவனுக்கு நல்லது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் டாக்டரைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த மாதிரியே. இந்தத் தடவை டாக்டர் தரையைப் பார்க்கவில்லை.

"அன்னிக்குப் பச்சை விளக்கு எரிஞ்சதும் நீங்க சொல்லிட்டு, பார்க்க மனசில்லாம வெளியில நிக்கிறீங்கன்னு நினைச்சேன்," என்றாள் பர்ணாலி. "அவன் மயக்கத்துலயும் கண்ணைத் திறந்து கதவையே பார்த்துட்டிருந்தான். நான் ஊசி போட்டேன்."

தலைமை மருத்துவர் இருக்கும் இடத்தில் ஊழியர் இப்படிப் பேசுவது ஒழுங்கீனம் என்று லாஹிரி ஆரம்பித்தார். அதற்குள் துலாலும் பேசிவிட்டான். பேசாத மனுஷன், கதவருகிலிருந்து உள்ளே வந்து பேசினான்.

"அவன் ஒரு தொல்லையும் பண்ணல தீதி. கதவு திறக்கிறப்போல்லாம் ஓடி வரான். யாருன்னு பார்க்கிறான். பார்த்துட்டுத் திரும்பிப் போய் மேஜைக்கு அடியில படுத்துக்கிறான். அவ்வளவுதான் பண்றான்."

அனுமதி வாங்காமல் துலால் அழுதான். ஹிமானிக்கு இப்போது விளங்கியது. பொடோல் திரும்பி வந்தவனில்லை. போகவே இல்லை. அசையாம இருடா, வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் வருவாள் என்று இருந்த இடத்திலேயே இருக்கிறான். ஊசியோ ஊதா விளக்கோ அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. டாக்டரிடம் கூட்டி வரப்படுகிற எந்தப் பிராணியும் அங்கே எதிர்பார்த்துக் காத்திருப்பது ஒரே ஒரு சொல்லைத்தான், அதை இவள் இன்னும் சொல்லவில்லை.

ஹிமானி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பொடோல். வாடா, வீட்டுக்குப் போலாம்."

சுதேஷ்ணா பதறிப் போய், இது விதியில் இல்லை என்றார். லாஹிரி கையமர்த்தினார். பெரிய மனிதர், நொடியில் தீர்ப்பு சொன்னார்: போலாம் என்பதில் போ இருக்கிறது, முதல் போ ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம், இன்னும் இரண்டு. ஹிமானி அதற்காகச் சொல்லவில்லை என்றாலும், நடந்துகொண்டே மறுபடி சொன்னாள், கதவருகில் மறுபடி சொன்னாள். வாடா, வீட்டுக்குப் போலாம். நகச் சத்தம் ஓடிவந்து அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. புடவைக் கொசுவம் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

தாழ்வாரத்தில் பாதி வரும்வரை அந்த ஒரு சத்தம்தான். அதற்கப்புறம் பின்னால் இன்னொன்று கேட்டது, கொஞ்சம் கனமான நடை. அதன் பின்னால் சின்னதாக, வேகமாக இரண்டு. எதுவோ சிறகை உதறியது. எதுவோ தாவி இறங்கியது. ஹிமானி திரும்பிப் பார்த்தாள். ஊதா விளக்குத் தாழ்வாரம் காலியாகத்தான் இருந்தது, சத்தம் மட்டும் சுவருக்குச் சுவர் நிறைந்துகொண்டிருந்தது. முறைப்படி மூன்று போ சொல்லி, தேநீர் குடிக்க அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள். போ என்றார்கள், எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இருந்த இடத்திலேயே சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்திருக்கின்றன. வீட்டுக்கு என்று ஒருத்தி சொன்னதும் எழுந்துவிட்டன.

நடுவே ஒரு சின்ன மணி ஒலித்தது, பூனைக் கழுத்து மணி. சுதேஷ்ணா சுவரோடு ஒட்டிக்கொண்டார். "மிஷ்டு?" என்றார். தேனும் இல்லை, தலைச்சாய்ப்பும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தன் சொந்தப் பூனைக்கு அவரே தெளிவான குரலில் மூன்று முறை சொல்லி, மற்ற ஊழியர்களுக்கு முன்மாதிரியாக இருந்தவர். மணி அவரைக் கடந்து போயிற்று, நிற்கவில்லை. போ என்று அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தார்.

காத்திருக்கும் கூடத்தில் உயிரோடிருந்தவை எல்லாம் எழுந்து நின்றன. ஒன்றும் குரைக்கவில்லை. அல்சேஷன் ஒன்று நடுவழியிலிருந்து எழுந்து ஒதுங்கி இடம் விட்டது. கூண்டுகளுக்குள் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, தாழ்வாரத்திலிருந்து வாசல்வரை, மெதுவாகத் திரும்பின. அம்மாக்களும் அப்பாக்களும் தங்கள் பிள்ளைகளை மடியோடு இழுத்துக்கொண்டார்கள். லாஹிரி பின்னாலேயே வந்து, சிகிச்சை வெற்றி, பயப்பட ஒன்றுமில்லை என்று யாருக்கென்று இல்லாமல் அறிவித்தார்.

வாசல் கண்ணாடிக் கதவு கனமானது, தானே மூடிக்கொள்கிற வகை. ஹிமானி அதை முதுகால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டாள். வெளியே டாக்குரியா பக்கத்து மாலைப் பனி, புகை, பஸ் சத்தம். அவள் காலுக்குப் பக்கத்தில் பொடோல் நின்றான். மற்றவை அவர்கள் இருவரையும் உரசிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடந்தன. படியிறங்கும் சத்தம் இடதுபக்கம் போயிற்று, வலதுபக்கம் போயிற்று, தெருவைத் தாண்டிப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வீடு தெரிந்திருந்தது.

வெகுநேரம் ஆயிற்று. அவள் தோள் வலித்தது. கதவைச் சாத்துங்கள், குளிர் உள்ளே வருகிறது, பேஷண்ட்களுக்குச் சளி பிடிக்கும் என்றார் லாஹிரி. ஹிமானி சாத்தவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் இன்னும் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, மூன்று காலில் நடக்கிற ஏதோ ஒன்று, நின்று நின்று. கதவு மூடிவிடுமோ என்று அது அவசரப்படுவதும், அவசரத்தில் தடுமாறி விழுவதும், மறுபடி எழுவதும் எல்லோருக்கும் கேட்டது.

"அவசரமில்ல," என்றாள் ஹிமானி, உள்ளே பார்த்து. "நான் எங்கயும் போகல. மெதுவா வா."